ஸ்மார்ட் போர்டில் முக்கோணத்தின் கோணக் கூடுதலை மாணவர்கள் ஆர்வத்தோடு கற்க எப்படி நடத்துவது?

வீடியோ ஓடவிடுவதை விடுங்கள். அதற்கு டிவியே போதும். இலவசமாகக் கிடைக்கும் ஜியோஜீப்ரா (GeoGebra) என்ற கணித மென்பொருளை முன்கூட்டியே நிறுவிக்கொண்டால் வகுப்பில் இணையம் தேவைப்படாது.

பலகோணக் கருவியில் மூன்று புள்ளிகளைத் தொட்டு, மீண்டும் முதல் புள்ளியைத் தொடுங்கள். கோணக் கருவியை எடுத்து முக்கோணத்தின் உள்ளே தொட்டால் மூன்று கோணங்களும் வரும். 180 பாகைக்கு மேல் காட்டுகிறதா? புள்ளிகளைக் கடிகாரச் சுற்றில் வைத்திருப்பீர்கள். எதிர்ச்சுற்றில் வரைந்தால் உட்கோணம் வரும்.

இனி போர்டை மாணவரிடம் விடுங்கள். ஒருவர் முனையை இழுக்க, மற்றவர்கள் நோட்டில் கூட்டட்டும். இழுக்கும் முன்பே எந்தக் கோணம் கூடும் என்று கேளுங்கள். இந்தக் கேள்வி இல்லாவிட்டால் அது வெறும் வேடிக்கைதான்.

கோணங்கள் முழு எண்ணாகத் தெரியும்படி அமைத்திருந்தால், மூன்றின் கூடுதல் 180 வர வேண்டிய இடத்தில் யாருக்காவது 179 அல்லது 181 வரலாம். தசமத்தை முழு எண்ணாக்கிக் காட்டுவதால் வரும் பிழை அது. அமைப்பில் தசம இடங்களை இரண்டாக்குங்கள், அப்போதும் 180.01 வரலாம். ஏன் என்று கேட்டால் தோராய மதிப்புப் பாடமும் அங்கேயே முடிந்துவிடும் (தனியாக நடத்தினால் தூங்குவார்கள்).

புரொஜெக்டர் வகை போர்டில் தொட்ட இடம் ஒன்று, கோடு விழும் இடம் வேறா? புரொஜெக்டர் அசைந்திருக்கும். போர்டின் அளவுத்திருத்தத்தை (Calibration) திறந்து, தோன்றும் புள்ளிகளின் நடுவில் பேனாவால் வரிசையாகத் தொடுங்கள்.