டம்ளரில் வந்த சேறு யாருடையது?

வீட்டுக்கு வந்த விற்பனையாளர் எங்கள் குழாய்த் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டுக் கரண்ட் கொடுத்தார். ஒரே நிமிஷத்தில் பழுப்புச் சேறு மிதந்தது. அவருடைய ஆர்.ஓ. மெஷினில் (உப்பை வடிகட்டி எடுக்கும் மெஷின்) வந்த தண்ணீர் அப்படியே இருந்தது. பயந்துபோய் அன்றே மெஷினுக்குப் பணம் கட்டிவிட்டோம். ஏமாந்துவிட்டோமா?

ஆமாம். வெட்கப்படாதீர்கள், இதே வித்தையில் நானும் விழுந்திருக்கிறேன், அதுவும் பள்ளியில் மின்னாற்பகுப்பைப் படித்து மார்க் வாங்கியவன். அந்தச் சேறு அவர் கொண்டுவந்த கம்பியிலிருந்து வந்தது. கம்பிகளில் ஒன்று இரும்பு. குழாய்த் தண்ணீரில் கரைந்த உப்புகள் இருப்பதால் கரண்ட் பாயும், இரும்பு கரையும், துருவாகத் திரளும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது, அவ்வளவுதான். அடுத்த முறை யாராவது கம்பியோடு வந்தால் அந்தச் சுத்தத் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்துகாட்டச் சொல்லுங்கள், அதுவும் சேறாகும், அவர் முகமும் மாறும். எனக்கு ஆத்திரம் எதில் என்றால், நிஜமாகவே தண்ணீரில் இருக்கக்கூடிய ஈயத்தையோ கிருமியையோ பற்றி இவர்கள் வாயே திறப்பதில்லை, குழந்தை இருக்கும் வீடாகப் பார்த்துப் பயத்தை மட்டும் விற்கிறார்கள். பில்லில் திருப்பித் தரும் கெடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இன்றே எழுத்தில் கேளுங்கள், போனில் வேண்டாம்.

டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன், 90 காட்டுகிறது. இனி லேப் டெஸ்ட் தேவையில்லையே?

தேவை. அந்த மீட்டர் தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்த்து உப்பின் அளவைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. கிருமி அதற்குத் தெரியாது. ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்ச அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். உங்கள் மீட்டர் எண்ணுவதே 1, 2 என்று முழு மில்லிகிராமாகத்தான்.

ஃபில்டர் வாங்கி மூன்று வருஷம். தண்ணீர் ருசியாகத்தான் இருக்கிறது, உள்ளே தண்ணீரை வடிகட்டும் கேண்டிலை ஏன் மாற்ற வேண்டும்?

கழற்றி விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பைப் பார்த்த பிறகும் கேள்வி மிச்சமிருந்தால் எழுதுங்கள்.

காலையில் தண்ணீர் பால் போல வருகிறது.

கண்ணாடி டம்ளரில் பிடித்து ஒரு நிமிஷம் வையுங்கள். அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்தால் வெறும் காற்றுக்குமிழி. தெளியாமல் கலங்கியே இருந்தால் குடிக்காமல் புகார் கொடுங்கள்.

வாடகை வீடு, பழைய கட்டடம். உள்ளே ஈயக் குழாய் என்று இப்போதுதான் தெரிந்தது. உரிமையாளர் "கொதிக்கவைத்துக் குடியுங்கள்" என்கிறார். போதுமா?

போதாது. கொதித்தால் கிருமி சாகும், ஈயம் எங்கும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்திதான் கூடும். 2014இல் அமெரிக்காவின் ஃபிளிண்ட் நகரத்தில் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியபோது, குழாய் அரிக்காமல் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டதால்தான் வீடுகளின் தண்ணீரில் ஈயம் இறங்கியது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நல்ல தண்ணீரே வந்தாலும் கடைசிச் சில அடிக் குழாய் கெடுத்துவிடும். இரவு முழுக்கக் குழாயைத் திறக்காமல் விட்டு, விடிந்ததும் வரும் முதல் தண்ணீரைப் பிடித்து, ஈயம் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்லி லேபில் கொடுங்கள், பொதுவான டெஸ்டில் அது இல்லாமல் போகலாம். அதுவரை காலையில் சில நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடியுங்கள், குடிக்கவும் சமைக்கவும் சுடுதண்ணீர்க் குழாயைத் தொடாதீர்கள், கைக்குழந்தைக்குப் பால் கலக்க வேறு தண்ணீர் வாங்குங்கள். ரிப்போர்ட் வந்ததும் ஒரு நகலை உரிமையாளருக்கு அனுப்பி, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.