‘முடிந்தது’ என்றால் ‘கடன் தீர்ந்தது’ என்று பொருளா?

கேள்வி: யோவான் 19:30-ல் இயேசு சிலுவையில் சொன்ன ‘முடிந்தது’ என்ற சொல், அந்தக் காலத்துக் கடன் ரசீதுகளில் குத்திய முத்திரை என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். அப்படியானால் நம் தமிழ் வேதாகமம் தவறா?

பதில்: தமிழ் வேதாகமம் சரி. ரசீதுக் கதையை நம்ப வேண்டாம்.

கிரேக்கத்தில் அந்தச் சொல் ‘தெதெலெஸ்தாய்’. வேர்வினை ‘தெலெஓ’: முடித்தல், நிறைவேற்றுதல். வரி செலுத்துதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. மத்தேயு 17:24-லும் ரோமர் 13:6-லும் அப்படித்தான் வருகிறது. ஆனால் அங்கே வரி என்ற சொல் கூடவே நிற்கிறது. யோவானில் அது இல்லை. இரண்டு வசனம் முன்னால், 19:28-ல், இதே சொல் இதே வடிவத்தில் ‘எல்லாம்’ என்ற எழுவாயோடு வருகிறது. ‘எல்லாம் செலுத்தப்பட்டது’ என்று அங்கே யாரும் படிப்பதில்லை.

ரசீது எங்கிருந்து வந்தது? எகிப்தின் ஃபயூம் பகுதியில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல்தாள்) சுங்கச் சீட்டுகள் ‘தெதெல்’ என்ற சுருக்கெழுத்தோடு தொடங்குகின்றன. முதலில் அதைத் ‘தெதெலெஸ்தாய்’ என்று விரித்துப் படித்தார்கள். பிறகு அது ‘தெதெலோனேதாய்’, அதாவது ‘சுங்கம் கட்டியாயிற்று’, என்று தெளிவாயிற்று. ஆயக்காரன், ஆயத்துறை ஆகியவற்றுக்கான கிரேக்கச் சொற்களின் குடும்பம் அது; வேறு வினை. சரக்கு ஊர்வாசலைக் கடக்கக் கொடுத்த சீட்டுக்கும் கடன் தீர்ந்ததற்கும் சம்பந்தம் இல்லை. திருத்தம் வந்த பிறகும் பழைய விளக்கத்தையே நகல் எடுத்துப் பாடக்குறிப்பாகக் கொடுக்கிறார்கள். ‘ஏழே நாளில் மூலமொழி’ என்று சான்றிதழ் விற்பவர்களுக்கு இதுதான் முதல் பாடம். பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்த பொறி இலக்கணத்தில். இது நிறைவுக் காலம்: செயல் முடிந்துவிட்டது, அதன் விளைவு நிற்கிறது. தமிழில் ‘முடிந்தாயிற்று’ என்பதற்கு நெருக்கம். ‘ஆகவே நித்தியத்துக்கும் நிற்கிறது’ என்று உடனே தாவுவார்கள். அதை வினைவடிவம் சொல்லாது. யோவான் 11:11-ல் லாசரு ‘நித்திரையடைந்திருக்கிறான்’ என்பதும் இதே நிறைவுக் காலம்தான். அதே வசனத்திலேயே இயேசு அவனை எழுப்பப் போவதாகச் சொல்கிறார்; எழுப்பியும் விடுகிறார். சொல்லும் நேரத்தில் விளைவு நிற்கிறது, அவ்வளவே. எவ்வளவு காலம் என்பதைச் சூழல்தான் சொல்லும். சிலுவையின் பலன் நிரந்தரம் என்றால், அதற்கு எபிரெயர் 10-ஐக் காட்டுங்கள், விகுதியைக் காட்டாதீர்கள்.

வேதாகமச் செயலியில் பார்ப்பவர்களுக்கு: ஸ்ட்ராங் எண் (மூலமொழிச் சொற்களுக்கு இட்ட வரிசை எண்) 5055 வேர்ச்சொல்லை மட்டுமே காட்டும், காலத்தைக் காட்டாது. இலக்கணக் குறியீட்டைத் திறந்தால் ‘வி-ஆர்பிஐ-3எஸ்’ என்று இருக்கும். ‘ஆர்’ என்றால் நிறைவுக் காலம். ‘ஆர்’ நிற்கும் அந்த இடத்தில் ‘பி’ இருந்தால் நிகழ்காலம். பலர் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

ரசீதுச் சொல் உண்மையாகவே வேண்டுமென்றால் மத்தேயு 6:2 இருக்கிறது. அங்குள்ள ‘அபெகோ’ பாப்பிரஸ் ரசீதுகளில் ‘முழுதும் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதும் சொல்; நம் பழைய மொழிபெயர்ப்பும் ‘அடைந்து தீர்ந்தது’ என்கிறது. கடன்பத்திரம் ரத்தானதைப் பிரசங்கிக்க கொலோசெயர் 2:14 போதும். அங்கே ‘கையெழுத்து’ என்பதே கடன்சீட்டுதான்.