எட்டு நாட்டுக்கோழி தங்குகிற அளவுக்கு, சுலபமாகச் சுத்தம் செய்யக்கூடிய கூண்டு எப்படிக் கட்டுவது?

நான் முதலில் கட்டிய கூண்டு பார்க்க லட்சணமாக இருந்தது. பலகைச் சுவர், ஓட்டுக்கூரை, கோழி நுழைகிற அளவுக்கு ஒரு வாசல். கூட்ட வேண்டுமென்றால் அந்த வாசலுக்குள் நான் தலையை விட வேண்டும். பின்மூலைக்குக் கை எட்டாது. இரண்டே மாதத்தில் பலகை இடுக்கெல்லாம் கோழிச்செல் (கோழியின் ரத்தம் குடிக்கும் பொடிப்பூச்சி) பிடித்துவிட்டது. பகலில் இடுக்கில் பதுங்கி, ராத்திரி கோழி மேல் ஏறும் ஜாதி அது. கூட்டிவிட்டு வந்தால் எனக்கும் உடம்பெல்லாம் ஊறும்.

அதனால் இரண்டாவது கூண்டுக்கு முதலில் கதவைத்தான் யோசித்தேன். முன்பக்கம் முழுக்கக் கதவு. நீளம் ஐந்தடி, ஆழம் மூன்றடி. பகலில் வெளியே மேய்ந்து இரவில் மட்டும் அடைகிற எட்டுக் கோழிக்கு இது போதும். ஆழம் மூன்றடியைத் தாண்டினால் மறுபடியும் கை எட்டாத கதைதான். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் இரும்புக் கால்கள். குனியாமல் வேலை முடியும், கீழே காற்றும் ஓடும்.

அடித்தளத்துக்கு வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை), ஓட்டை ஓர் அங்குலத்துக்கு அரை அங்குலம். பக்கங்களுக்கும் அதுவே. கடையில் மலிவாகக் கிடைக்கும் அறுகோணக் கோழிவலையை நம்பாதீர்கள், நாய் பல்லாலேயே பிய்த்துவிடும். மெஷ்ஷுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கம்பி கொடுங்கள், இல்லையென்றால் தொய்ந்து, குழியில் எச்சம் தேங்கும்.

எச்சம் விழ, கூண்டுக்குக் கீழே பழைய ஃபிளக்ஸ் பேனர் ஒன்றை விரித்து, மேலே சாம்பலோ உமியோ தூவிவிடுவேன். காலையில் நாலு முனையையும் பிடித்துத் தூக்கினால் வேலை முடிந்தது. (எங்கள் வீட்டுக் கோழிகளுக்குக் கீழே ஒரு காதணி விழா அழைப்பு இரண்டு வருஷமாகக் கிடக்கிறது.) ஈரம் சேராவிட்டால் அமோனியா நெடி பெரிதாக வராது. தண்ணீர்க் கிண்ணத்தைக் கூண்டுக்குள் வைக்காததும் அதற்காகத்தான்.

கோழி உட்கார ஒன்றரை அங்குலத் தடிமனில் உருண்டைக் கம்பு இரண்டு, ஒரே உயரத்தில். ஒன்று உசந்திருந்தால் எல்லாம் அதற்கே சண்டை போடும். கம்பை ஆணி அடிக்காமல் கொக்கியில் வையுங்கள், கழற்றி வெயிலில் போடலாம். முட்டையிட வைக்கோல் போட்ட காய்கறிக் கிரேட் போதும், அழுக்கானால் குழாயடியில் கழுவிக்கொள்ளலாம்.

குஞ்சுகளை இதில் விடாதீர்கள், கால் ஓட்டையில் மாட்டும். தாயோடு பஞ்சாரத்தில் (கோழியை மூடிவைக்கும் கூடை) கவிழ்த்துவிடுங்கள். அப்புறம், அள்ளிய எச்சத்தை அப்படியே செடிக்குப் போட்டால் செடி கருகிவிடும். குப்பைக்குழியில் சில மாதம் மக்கவிட்டுப் போடுங்கள்.