அழகு வாழைக்கு கன்னு பிரிக்கிறது எப்படி? வாசகர் கேள்வி, தோட்டக்காரர் பதில்

போன இதழ்ல பிங்க் வாழை, அதாவது பிங்க் கலர்ல பழம் விடுற அழகு வாழை, பத்தி போறபோக்குல ரெண்டு வரி எழுதினதுக்கு இத்தனை கடிதம் வரும்னு நெனக்கவே இல்ல. அதுல பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், "கன்னு பிரிச்சு வச்சேன், அழுகிப்போச்சு". அதனால இந்த தடவை முழுக்க அழகு வாழைதான், தக்காளி மிளகாய் கேள்வி அனுப்பினவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

அண்ணா, ரெண்டு வருஷம் முன்னாடி பிங்க் வாழை ஒண்ணு வாங்கி பின்பக்கம் வச்சேன். பூ வந்து காயும் வந்துச்சு, சுத்தி அஞ்சு கன்னும் கிளம்புச்சு. மே மாசம் தங்கச்சி வந்தப்போ ரெண்டு கன்னு புடுங்கி, ஒண்ணு அவளுக்கு குடுத்தேன், ஒண்ணு நான் தொட்டியில வச்சேன். தினமும் தண்ணி ஊத்தினேன். பத்தே நாள்ல ரெண்டும் அழுகிடுச்சு. என்ன தப்பு பண்ணேன்?
வாசகி, தாம்பரம்

"புடுங்கி"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்கம்மா, விஷயமே அங்கதான் இருக்கு.

வாழையில மரம்னு நாம பாக்குறது மரமே இல்ல, இலையோட பட்டைங்க ஒண்ணு மேல ஒண்ணு சுத்திக்கிட்டு நிக்குறது. நாம பொரியல் பண்ற தண்டு கூட பூ தள்ளுற நேரத்துல கீழேர்ந்து உள்ளார ஏறி வர்றதுதான். அந்த கீழேங்கறது கிழங்கு. வேர் விடுறது கிழங்குலேர்ந்து, அடுத்த கன்னுக்கு கண்ணு இருக்குறதும் கிழங்குலதான். கையால புடிச்சு இழுத்தீங்கன்னா கிழங்கு தாயோட ஒட்டிக்கிட்டு மண்ணுக்குள்ளயே நின்னுடும், உங்க கையில வந்தது வெறும் பட்டை. அதை தொட்டியில வச்சு தினமும் தண்ணி ஊத்தினா வெங்காயத்தாளை தண்ணியில ஊறப்போட்ட கதைதான், பத்து நாள் தாங்கினதே பெருசு.

அடுத்த தடவை எந்த கன்னை எடுக்குறதுன்னு முதல்ல பாருங்க. ரெண்டு விதமா கன்னு வரும். ஒண்ணு ஈட்டிக்கன்னு, இலை ஒடுக்கமா கத்தி மாதிரி இருக்கும், அடிப்பக்கம் பருமனா இருந்து மேல போகப்போக சிறுத்துக்கிட்டே போகும். இன்னொண்ணு நீர்க்கன்னு, சின்னதா இருக்கும்போதே இலை அகலமா பெரிய வாழை மாதிரி பாவ்லா காட்டும், ஆனா அடியில கிழங்கு ஒண்ணும் பெருசா இருக்காது. பாக்க நீர்க்கன்னுதான் அழகா இருக்கும், எல்லாரும் அதைத்தான் எடுப்பாங்க, நானும் ஆரம்பத்துல அதைத்தான் எடுத்தேன். எடுக்க வேண்டியது ஈட்டிக்கன்னு. பிங்க் வாழையே ஆளுயரம்தான் வளரும், அதனால கன்னு ஒண்ணரை ரெண்டடி இருந்தாலே போதும்.

மாசமும் தப்பு. மே மாச வெயில்ல, அதுவும் தாம்பரத்துல, நல்ல வேரோட எடுத்த கன்னே திணறும். இது அசாம், அருணாச்சல பிரதேசம் பக்கத்து ஈரமான காட்டுல வளர்ற செடி, கத்திரி வெயில் அதுக்கு பழக்கமே கிடையாது. ஆடி மாசம் நல்ல நேரம், இல்லேன்னா பொங்கல் முடிஞ்சு பனி குறைஞ்சதும் பிரிக்கலாம். ஐப்பசி அடைமழையில மட்டும் கைவைக்காதீங்க, வெட்டுவாய் காயறதுக்குள்ள தண்ணி நின்னு கிழங்கு கொழகொழன்னு ஆயிடும். எனக்கு ஒரே வருஷம் மூணு கன்னு அப்படி போச்சு.

இப்ப வெட்டுற விஷயம். முதல் நாளே தண்ணி ஊத்தி மண்ணை இளக்கிடுங்க. மறுநாள் தாய்க்கும் கன்னுக்கும் நடுவுல இருக்குற மண்ணை கையாலயோ சின்ன கொத்தாலயோ தள்ளித்தள்ளி பாத்தீங்கன்னா ரெண்டையும் இணைக்குற இடம் தெரியும், குழந்தை மணிக்கட்டு தடிமன்ல வெள்ளையா ஒரு கழுத்து. அதை கண்ணால பாத்தப்புறம்தான் கருவியை எடுக்கணும். கடப்பாரையோ கூரான மண்வெட்டியோ எதுவா இருந்தாலும் தாய் பக்கமா ஒட்டி நேரா ஒரே அழுத்து, முள்ளங்கியை உடைச்ச மாதிரி மொடக்குன்னு ஒரு சத்தம் கேக்கும். ஆட்டி ஆட்டி நெம்பினீங்கன்னா கன்னோட கிழங்கு கிழிஞ்சிடும். அப்புறம் மத்த மூணு பக்கமும் சுத்தி குத்திட்டு அடியோட தூக்குங்க. கையில உள்ளங்கை அளவு கிழங்கும் அதுல கயிறு மாதிரி நாலஞ்சு வேரும் இருந்தா ஜெயிச்சீங்க.

தூக்கின உடனே வெட்டுவாயை பாருங்க, ஏன்னா கொஞ்ச நேரத்துல அது காத்து பட்டு பழுப்பாயிடும், அப்புறம் ஒண்ணும் தெரியாது. பால் மாதிரி வெள்ளையா இருந்தா நல்ல கிழங்கு. உள்ள கருப்பா ஓட்டை ஓட்டையா பாதை போச்சுன்னா கிழங்கு கூன்வண்டு குடைஞ்சிருக்குன்னு அர்த்தம். செம்பழுப்பு கோடோ புள்ளியோ ஓடினா வாடல் நோயா இருக்கலாம். ரெண்டுல எதுவா இருந்தாலும் அதை நடாதீங்க, யாருக்கும் குடுக்கவும் குடுக்காதீங்க.

குருத்தும் ஒரு இலையும் மட்டும் விட்டுட்டு மத்த இலையெல்லாம் கிள்ளிடுங்க, மனசு கேக்காதுதான், ஆனா வேர் இல்லாத நேரத்துல இலை இருக்குறது செலவு மட்டும்தான். வெட்டுவாயில அடுப்பு சாம்பல் தடவி ஒரு நாள் நிழல்ல போட்டு வைங்க. சூடோமோனாஸ் பவுடர் (அழுகலை தடுக்குற நல்ல பாக்டீரியா) வீட்டுல இருந்தா தண்ணியில கரைச்சு முக்கி எடுக்கலாம், இல்லேன்னாலும் பரவால்ல. பதினாலு இன்ச் தொட்டி, அடியில ஓட்டை கண்டிப்பா திறந்திருக்கணும், செம்மண்ணு ரெண்டு பங்கு, மக்கின தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) வெறியர்கள் கோச்சுக்காதீங்க, கன்னு வேர் புடிக்கிற வரைக்கும் அது ரொம்ப ஈரம் புடிச்சு வச்சுக்கும், எனக்கு சரிப்படல. கிழங்குக்கு மேல ரெண்டு இன்ச் மண்ணு இருந்தா போதும், ஆழமா புதைச்சா கழுத்து அழுகும்.

நட்ட அன்னிக்கு நல்லா தண்ணி ஊத்துங்க. அதோட சரி, அப்புறம் விரலை விட்டு பாத்து மேல்மண்ணு காஞ்சா மட்டும்தான். நிழல்ல மூணு வாரம் இருக்கட்டும். இன்னொண்ணு, சில பேர் மேல்பக்கத்தை குறுக்க சீவிட்டு நடுவாங்க, மறுநாள் காலையில பாத்தா நடுவுலேர்ந்து குருத்து ஒரு இன்ச் துருத்திக்கிட்டு நிக்கும், உடனே "புடிச்சிருச்சு"ன்னு குதிப்பாங்க. அது கிழங்குல சேத்து வச்ச சாப்பாட்டுல வளர்றது. வேர் புடிச்சுதான்னு தெரியணும்னா மூணு நாலு வாரம் கழிச்சு மெதுவா அசைச்சு பாருங்க, எதுத்து நின்னுச்சுன்னா வேர் இருக்கு.

மிச்சம் இருக்குற மூணு கன்னையும் ஒரே நாள்ல காலி பண்ணிடாதீங்க. குலை தள்ளின தாய் எப்படியும் சாகத்தான் போகுது, அந்த இடத்துக்கு ஒரு கன்னாவது நிக்கட்டும்.

சார், குன்னூர்ல இருக்கேன். செவப்பு இலை வாழை, நல்ல விலை குடுத்து வாங்கினது, மூணு வருஷமா ஜம்முனு வளருது ஆனா ஒரு கன்னு கூட விடல. உரம் பத்தலையா?
வாசகர், குன்னூர்

உரம் கொட்டாதீங்க சார், அது கன்னு விடுற ஜாதியே இல்ல. அடி பானை மாதிரி வீங்கி, இலை நடுநரம்பு செவப்பா, மொத்த இலையும் பீட்ரூட் கலர் அடிச்ச மாதிரி இருந்தா அது சிவப்பு அபிசீனிய வாழை, வாழைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், பேரு என்செட்டே. தானா பக்கக்கன்னு விடாது, பல வருஷம் வளந்து ஒரே ஒரு தடவை பூத்துட்டு மொத்தமா போயிடும். கடையில வர்றதெல்லாம் பெரும்பாலும் டிஷ்யூ கல்ச்சர், அதாவது லேப்ல திசுலேர்ந்து வளத்த செடிதான்.

ஆனா வழி இல்லாம இல்ல. இந்த ஜாதி எத்தியோப்பியாவுல சோறு மாதிரி. தெற்கு எத்தியோப்பியாவுல கிழங்கையும் பட்டையையும் சுரண்டி குழியில புதைச்சு புளிக்க வச்சு கோச்சோன்னு ஒரு ரொட்டி சுடுவாங்க, கோடிக்கணக்கான பேருக்கு அதுதான் சாப்பாடு. அந்த விவசாயிங்க கன்னுக்கு என்ன பண்றாங்கன்னா, இளசான ஒரு செடியை தோண்டி எடுத்து, தலையை வெட்டிட்டு, கிழங்கு நடுவுல இருக்குற வளர்ற முனையை குடைஞ்சு எடுத்துட்டு, அந்த குழியில மண்ணு போட்டு திரும்ப புதைச்சிடுவாங்க. நடு முனை இருக்குற வரைக்கும் அது ஓரத்து கண்ணுங்களை தலைதூக்க விடாது, அதை எடுத்துட்டா சில மாசத்துல கிழங்கை சுத்தி கொத்துக்கொத்தா கன்னு கிளம்பும், மாமியார் ஊருக்கு போன வீடு மாதிரி.

உங்ககிட்ட இருக்குறது ஒண்ணே ஒண்ணு, அதை வச்சு இந்த விளையாட்டு வேணாம். இன்னொரு சின்ன செடி வாங்கினா அதுல பண்ணி பாருங்க, அதுவும் மழை நின்ன நேரமா பாத்து.

கன்னு நிறைய வேணும், கிழங்கையே நாலா வெட்டி நட்டா நாலு செடி வருமா?
வாசகர், ஈரோடு

தோட்டத்து வாழை கிழங்கு ரெண்டு கிலோ தேறும், அதை கண்ணு பாத்து துண்டு போடலாம், ஒவ்வொரு துண்டுலயும் உருளைக்கிழங்குல இருக்குற மாதிரி ஒரு கண்ணாவது இருக்கணும். பிங்க் வாழை கிழங்கு இருக்குறதே கைமுஷ்டி அளவு, அதை நாலாக்கினா சாம்பாருக்குத்தான் ஆகும். முழுசா நடுங்க. ஒரு வருஷம் பொறுத்தா அதுவே நாலு குடுக்கும்.

நர்சரியில "கல்வாழை"ன்னு கேட்டா செவப்பு பூ பூக்குற வேற ஏதோ குடுத்துட்டாங்க. ஏமாத்திட்டாங்களா?
வாசகி, திருச்சி

ஏமாத்தல, நம்ம தமிழ் பண்ற வேலை. கடைக்காரர் குடுத்தது கன்னாங்கற பூச்செடியா இருக்கும், அதுக்கும் கல்வாழை, மணிவாழைன்னுதான் பேரு. மேற்குத் தொடர்ச்சி மலை பாறையில தானா முளைச்சு, கோடையில காஞ்சு சுருங்கி மழைக்கு திரும்ப எழுந்து நிக்குமே ஒரு காட்டு வாழை, அதுக்கும் கல்வாழைன்னுதான் பேரு. அது குன்னூர்காரருக்கு சொன்ன என்செட்டே இனம், கன்னு விடாது, விதைதான். வாங்கினது வாங்கினதா இருக்கட்டும், கன்னா பிரிக்கிற மாதிரி சுலபம் எதுவும் இல்ல, தரைக்குள்ள படுத்து ஓடுற கிழங்கை ரெண்டு மூணு கண்ணோட துண்டு போட்டு நட்டா வந்துடும், ஹெலிகோனியாவும் அதே மாதிரிதான்.

பிங்க் வாழைப்பழம் தானா தோல் உரிஞ்சு நிக்குது, சாப்பிடலாமா? விதை போட்டா வருமா?
வாசகர், மதுரை

சாப்பிடலாம், லேசா இனிக்கும், ஆனா வாய் நிறைய கருப்பு விதை, கல்லு மாதிரி, பல்லு பத்திரம். எங்க வீட்டுல அணிலும் மைனாவும்தான் காலி பண்ணும். விதையை நல்லா கழுவி ரெண்டு நாள் தண்ணியில ஊறவச்சு போடுங்க, சிலது ஒரு மாசத்துல வரும், சிலது நீங்க மறந்துபோய் வேற செடி வச்சப்புறம் எட்டிப்பாக்கும். கன்னு கையில இருக்கும்போது விதைக்கு எதுக்கு அலையணும்னுதான் என் கட்சி.

எங்க வீட்டு அழகு வாழையில புது இலையெல்லாம் சின்னதா, ஒடுக்கமா, மேல கொத்தா சேந்து நிக்குது. ஓரம் மஞ்சளா இருக்கு. செடி போறதுக்குள்ள கன்னு பிரிச்சு காப்பாத்திடலாமா?
வாசகி, நாகர்கோவில்

வேணாம்மா, கன்னு பிரிக்காதீங்க. நீங்க சொல்றது முடிக்கொத்து நோய் மாதிரி இருக்கு. ஒரு இலையை வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு பாருங்க, நரம்பு ஓரமா கரும்பச்சையில புள்ளியும் கோடுமா, தந்தி அடிச்ச மாதிரி தெரிஞ்சா அதேதான். இது வைரஸ், கிழங்கு வரைக்கும் இறங்கியிருக்கும், கன்னு பாக்க நல்லா இருந்தாலும் உள்ள இருக்கும். பழனி மலையில விருப்பாச்சி வாழையை பெருமளவு அழிச்சது இதுதான். உங்க ஊர்ல பக்கத்து வீட்டுலயே மட்டியும் நேந்திரனும் நிக்கும், அதனால கொஞ்சம் கறாரா இருங்க. இலைக்கணுவுல கருப்பா சின்ன அசுவினி இருக்கும், பரப்புறது அதுதான். மொதல்ல வேப்பெண்ணெய் சோப்பு கரைசல் அடிச்சு அசுவினியை ஒழிச்சுட்டு அப்புறம் கிழங்கோட தோண்டுங்க, முதல்லயே செடியை சாய்ச்சா அசுவினி எல்லாம் பக்கத்து மரத்துக்கு பறந்துடும். தோண்டின கிழங்கை துண்டுதுண்டா வெட்டி வெயில்ல காயப்போட்டு எரிச்சிடுங்க, உரக்குழியில போடாதீங்க.

லண்டன்ல தோட்டத்துல ஜப்பான் வாழை வச்சிருக்கோம், இப்ப அக்டோபர், கன்னு பிரிக்கலாமா?
வாசகர், ஹாரோ

இப்ப பிரிச்சா குளிர்ல வேரே விடாது, அழுகிடும். தண்டை சுத்தி வைக்கோல் கட்டி, அடியில இலைச்சருகு மெத்தை போட்டு விடுங்க. மே மாசக் கடைசியில மண்ணு சூடேறி புது குருத்து கிளம்பினப்புறம் தாம்பரம் அக்காவுக்கு சொன்ன மாதிரியே பண்ணுங்க, வெயில் பயம் மட்டும் உங்களுக்கு கிடையாது.

உங்க பேச்சை கேட்டு எங்க வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியோட போய் கன்னு பிரிச்சிட்டு வந்துட்டார். வாழைக்கறை போக என்ன போடலாம்?
வாசகி, தஞ்சாவூர்

எலுமிச்சை, வினிகர், மண்ணெண்ணெய் எல்லாம் எங்க வீட்டுலயும் போட்டு பாத்தாச்சும்மா. போகாது. அந்த வேட்டியை தோட்டத்துக்குன்னு எழுதி வச்சிடுங்க.