ஊராட்சி மாநகராட்சியோடு சேர்ந்தால் நத்தம் பட்டா, நூறு நாள் வேலை என்ன ஆகும்?

நத்தம் பட்டா (கிராமக் குடியிருப்பு நிலத்துக்கான பட்டா) இணைப்புக்குப் பிறகும் செல்லும். பட்டா தருவது வருவாய்த்துறை. மாறுவது உள்ளாட்சி மட்டும்தான். 2011-ல் இடையஞ்சாவடி, சடையங்குப்பம், கடப்பாக்கம் ஊராட்சிகள் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தபோதும் இப்படித்தான்.

பட்டா செல்லாமல் போகுமோ என்ற உங்க பயத்துக்குக் காரணம், கையில் பஞ்சாயத்து வீட்டுவரி ரசீது மட்டும் இருப்பதாக இருக்கலாம். அது உரிமை ஆவணம் ஆகாது. சர்வே எண்ணை வைத்து பட்டாவையும் 'அ' பதிவேட்டையும் (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) இணையத்தில் பாருங்க: பெயர், பரப்பு, உட்பிரிவு பத்திரத்தோடு ஒத்துப்போகணும். நிலத்தின் வகை மேய்க்கால், ஏரிப் புறம்போக்கு என்று வந்தால் உடனே தாசில்தார் அலுவலகம் போங்க, தள்ளிப்போடாதீங்க.

நூறு நாள் வேலை நின்றுவிடும். அது ஊரகத் திட்டம். இது உண்மையான இழப்பு, இணைப்பை எதிர்த்து மனு எழுதினால் அதையே முதல் ஆட்சேபணையாக எழுதுங்க. இணைப்பு பற்றி அரசு வெளியிடும் வரைவு அறிவிக்கை சொல்லும் கெடுவுக்குள், ஆளுக்கொரு மனு, பதிவுத் தபாலில். கிராமசபைத் தீர்மான நகலையும் இணைங்க. ஆனால் அந்தத் தீர்மானம் மட்டும் அரசைக் கட்டுப்படுத்தாது.