பதில்: மேப் ஸ்லைடு வந்ததும் சியோல் டீம் ஏன் கப்சிப் ஆனது?

விற்பனைக் கூட்டத்தில் மேப் ஸ்லைடைக் காட்டியதும் தென்கொரியாவின் சியோல் டீம் பேச்சை நிறுத்திவிட்டது, கணக்கில் தப்போ என்று கேட்டிருந்தீர்கள். அந்த மேப்பைத் தூக்கிவிட்டு, கடலுக்குப் பெயரே போடாத மேப் ஒன்றை வையுங்கள். உங்கள் விற்பனைக் கணக்கில் தப்பு இருந்திருந்தால் அங்கேயே கேட்டிருப்பார்கள். கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவே கொட்டை எழுத்தில் இருந்த 'ஜப்பான் கடல்' தான் உறுத்தியிருக்கும்.

கொரியர்களுக்கு அது 'தோங்ஹே', அதாவது கிழக்குக் கடல். தென்கொரிய தேசிய கீதமே "கிழக்குக் கடல் வற்றி, பெக்து மலை தேயும்வரை" என்றுதான் தொடங்குகிறது. 1929-ல் சர்வதேசக் கடல் பெயர்ப் பட்டியல் வந்தபோது கொரியா ஜப்பானின் பிடியில் (1910-45) இருந்தது, எங்களை யார் கேட்டார்கள் என்பது அவர்கள் ஆதங்கம். அதற்கும் முன்பே ஐரோப்பிய மேப்களில் நிலைத்துவிட்ட பெயர் என்கிறது ஜப்பான். 1992-ல் ஐ.நா. வரை போயும் தீராத வழக்கு இது.

ஸ்லைடைப் பெரிதாக்கி, அந்தக் கடலில் புள்ளியளவு தீவு தெரிகிறதா பாருங்கள். இரு நாடுமே உரிமை கொண்டாடும் தீவு அது: கொரியர்களுக்கு தோக்டோ, ஜப்பானியர்களுக்கு தாகேஷிமா. பெயர் இருந்தால் அதையும் நீக்குங்கள். பெய்ஜிங் ஆட்களும் வருவார்கள் என்றால் பெக்து மலையையும் கவனியுங்கள். வடகொரிய-சீன எல்லையில் இருக்கும் அது சீனர்களுக்கு சாங்பாய். 2007 ஆசிய குளிர்கால விளையாட்டில், சீன மண்ணிலேயே "பெக்து மலை எங்கள் நிலம்" என்று கொரிய வீராங்கனைகள் அட்டை பிடித்து, அது பெரிய சர்ச்சையானது.

ஒன்று மட்டும்: சமாதானத்துக்காக 'கிழக்குக் கடல்' என்று மாற்றிவிடாதீர்கள். அடுத்த கூட்டத்தில் டோக்கியோ டீம் மௌனமாகிவிடும்.