பாமாலையும் கீர்த்தனையும் இருக்கும்போது, ஆலயத்தில் புதிய ஆராதனைப் பாடல்கள் எதற்கு?

திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை ஒன்றில் பாடகர் குழுவில் இருக்கிறேன். பண்டிகை நெருங்கினாலே ஒத்திகையில் இந்தச் சண்டை வந்துவிடும். பெரியவர்கள் பழைய பாட்டுப் புத்தகத்தைத் தட்டிக் காட்டுவார்கள். பிள்ளைகள் புதுப்பாட்டு உள்ள கைப்பேசியை நீட்டுவார்கள்.

'பழைய பாட்டு' என்பதே இரண்டு வகை. பாமாலை என்னும் ஆராதனைப் பாடல் தொகுப்பில் பெரும்பகுதி ஜெர்மன், ஆங்கிலப் பாடல்களின் மொழிபெயர்ப்பு. மெட்டும் அங்கிருந்து வந்ததுதான். கீர்த்தனையோ ராகம், தாளம், பல்லவி, சரணம் என்று இந்த மண்ணில் பிறந்தது. பாளையங்கோட்டையில் 1774இல் பிறந்து தஞ்சாவூரில் வாழ்ந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் அப்படிப் பாடல்கள் இயற்றிய காலத்தில், அவை ஆலயத்துக்கு ஆகாது என்று நினைத்த மிஷனெரிகளும் இருந்தார்கள். 1853இல்தான் அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் அத்தகைய பாடல்களைத் தொகுத்து அச்சிட்டார். ஆக, கீர்த்தனையும் வாசலில் நிறுத்தப்பட்ட புதுப்பாட்டுதான். பாரம்பரியம் பேசுகிறவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பாமாலை மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அயல் மெட்டுக்குள் தமிழைத் திணித்ததில் குறில் நெடிலாக இழுபடுகிறது, சொல் பாதியில் முறிகிறது. ஆனால் நான்கு குரலும் சேர்ந்து ஒலிக்கும்போது அதையெல்லாம் மன்னித்துவிடுகிறேன்.

புதிய பாடல்களின் சொற்கள் எளியவை. எழுத்துத் தெரியாத பாட்டிக்கும் இரண்டாம் முறையே வாய்க்கு வந்துவிடும். கீர்த்தனையில் வரும் வடசொற்கள் சிலவற்றுக்கு ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே விழிக்கிறார்கள். டிரம்ஸ் சத்தத்தைக்கூட நான் குறை சொல்ல மாட்டேன். என் புகார் சுருதி பற்றியது. ஒலிப்பதிவில் பாடியவர் தன் உச்சக் குரலுக்கு வைத்த சுருதியை நம் பிள்ளைகள் அப்படியே ஆலயத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பல்லவி மேலே ஏறியதும் பாதிச் சபை வாயை மூடிக்கொள்கிறது. நடுவில் வாத்திய இசை நீண்டால் எங்கே சேர்ந்துகொள்வது என்றும் தெரியாது. பிறகு மேடை பாடும், சபை பார்க்கும். (கிறிஸ்துமஸுக்கு எங்கள் பாடகர் குழுவும் கடினமான பாட்டொன்றை எடுத்துக்கொண்டு இதையேதான் செய்கிறது.)

ஆகவே புதிய பாடல்கள் வேண்டும் என்பதே என் பதில். அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து நேரத்தில் மட்டும் கீர்த்தனையை விட்டுவிடாதீர்கள். பீடத்துக்கு நடந்து போகிறவர்கள் கையில் புத்தகமும் இருக்காது, திரையையும் பார்க்க முடியாது; மனப்பாடமான பாட்டுதான் வாய்க்கு வரும். புதுப்பாட்டை ஆராதனை தொடங்குவதற்கு முன்பே சபைக்கு ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். சுருதியை ஒன்றிரண்டு கட்டை இறக்குங்கள். கீபோர்டில் அதற்கென்றே பொத்தான் இருக்கிறது.